வீட்டுத் தமிழும் வகுப்பறைத் தமிழும்: சைனாடவுன் தமிழ்ப் பள்ளி ஒன்றும் கரீபியன் அனுபவமும்

முன்னுரை

அயலகத் தமிழர்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர், பள்ளிகள் தோன்றிய ஆண்டுகளையும் மூடப்பட்ட ஆண்டுகளையும் நிரல்படுத்திக் காட்டுவதோடு பெரும்பாலும் அமைதி கொள்கின்றனர். அந்நிரல் தேவையானதே. ஆயினும், அப்பள்ளிகளுக்குள் நுழைந்த பிள்ளை தன் வீட்டிலிருந்து எந்தப் பேச்சைக் கொண்டுவந்தது, அப்பேச்சை ஆசிரியர் ஏற்றாரா, திருத்தினாரா, வாசலிலேயே நிறுத்திவைத்தாரா என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்பியுள்ளோம். மொழிக்கல்வியின் போக்கைத் தீர்மானித்தவற்றுள் பள்ளிகளின் எண்ணிக்கையைவிட இவ்வினாக்களுக்கான விடைகளே முதன்மையானவை என்பது நம் கருத்து.

சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்தில், மெக்ஸ்வெல் சாலையில் இயங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை இக்கட்டுரை மையமாகக் கொள்கின்றது. அப்பள்ளியின் வரலாற்றையும் அதன் பின் சிங்கப்பூரில் தமிழ் கற்பித்தலில் நிகழ்ந்த மாற்றத்தையும் கரீபியன் நாடுகளின் அனுபவத்தோடு ஒப்புநோக்க முற்படுகின்றது. இவ்வொப்பீடு முதற்பார்வையில் வலிந்து செய்யப்பட்டதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு இரு காரணங்கள் உள. ஒரே நூற்றாண்டில், சோழமண்டலக் கரையின் அண்டை அண்டைத் துறைமுகங்களிலிருந்து தமிழர் கிழக்கே மலாயாவுக்கும் மேற்கே கரீபியன் தீவுகளுக்கும் கப்பலேறினர். கிழக்கே தமிழ் வாழ்ந்தது, மேற்கே மறைந்தது. இது முதற்காரணம். இரண்டாவது, மொழியியல் சார்ந்தது. 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில், ஒரே சமுதாயம் உயர்வழக்கு ஒன்றையும் தாழ்வழக்கு ஒன்றையும் தனித்தனிச் சூழல்களில் ஆளும் நிலைக்கு நான்கு எடுத்துக்காட்டுகளைத் தந்தார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் ஆகியவற்றோடு அவர் சேர்த்த நான்காவது நாடு கரீபியனைச் சேர்ந்த ஹெயிட்டி. அங்குப் பள்ளியின் மொழி பிரெஞ்சு. வீட்டின் மொழி கிரியோல். எழுத்துத்தமிழையும் பேச்சுத்தமிழையும் இரு கைகளில் ஏந்தி நிற்கும் தமிழாசிரியருக்கு ஹெயிட்டி ஆசிரியரின் இக்கட்டு அந்நியமானதன்று.

சைனாடவுனில் தமிழர் தடம்

இன்று சைனாடவுன் என்றவுடன் சீனர் மட்டுமே வாழ்ந்த இடம் என்னும் எண்ணம் எழுகின்றது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ராஃபிள்ஸ் 1819இல் தீவில் கால் வைத்த அதே ஆண்டில் பினாங்கிலிருந்து அவரோடு வந்த நாராயண பிள்ளை, சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை 1827இல் எழுப்பினார். அதே சாலையில், கோயிலுக்குச் சில அடி தொலைவில், சூலியா முஸ்லிம்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஜாமிஆ பள்ளிவாசலைக் கட்டினர். தெலுக் ஆயர் தெருவில், அன்றைய கடற்கரையை ஒட்டி, நாகூர் ஆண்டவரின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் தர்கா ஒன்று எழுந்தது. இவ்வட்டாரத்தின் தெருப் பெயர்களையே சான்றாகக் கொள்ளலாம். பகோடா தெரு கோயில் கோபுரத்தாலும், டெம்பிள் தெரு அக்கோயிலாலும், மாஸ்க் தெரு அப்பள்ளிவாசலாலும் பெயர் பெற்றவை. சீனர் பேட்டையின் மூன்று தெருக்களுக்குத் தமிழர் எழுப்பிய கட்டடங்கள் பெயர் தந்திருப்பதைச் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்லர், நம்மவருட் பலரும் அறியார்.

கோயிலும் பள்ளிவாசலும் தர்காவும் குடியேற்றம் தொடங்கிய முதற் சில பத்தாண்டுகளிலேயே எழுந்துவிட்டன. தமிழ்ப் பள்ளி எழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1834இல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று இருந்தது; அது நெடுநாள் நிலைக்கவில்லை. மெத்தடிஸ்ட் சமயப் பரப்புநர்கள் 1886இல் சைனாடவுனின் அமோய் தெருவில் ஆங்கிலோ சீனப் பள்ளியையும், 1887இல் ஷார்ட் தெருவில் ஒன்பது இந்தியச் சிறுமியரோடு தமிழ்ப் பெண்கள் பள்ளியையும் தொடங்கினர். பின்னது இன்றைய மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெயரில் இருந்த தமிழ் காலப்போக்கில் உதிர்ந்துபோனது.

இத்தாமதத்திற்குத் தமிழரின் கல்வி ஆர்வமின்மையைக் காரணம் காட்டுவது நம்மிடையே வழக்கம். அது நேரிய விளக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிங்கப்பூர் வந்த தமிழருள் ஆண்களே பன்மடங்கு மிகுதி. அவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தனர். சில ஆண்டுகள் பொருளீட்டித் திரும்பினர். வழிபடுவதற்கு ஆண்கள் இருந்தனர்; படிப்பதற்குப் பிள்ளைகள் இல்லை.

இந்நிலைக்கு விலக்காக அமைந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள். நெசவை நம்பியிருந்த ஊர் கடையநல்லூர். அத்தொழில் நலிந்தபோது புறப்பட்டவர்களில் பெண்களையும் பிள்ளைகளையும் உடன் அழைத்து வந்து குடியமர்ந்தோர் கணிசமானோர். சைனாடவுனின் தென்விளிம்பான தஞ்சோங் பகாரில், துறைமுகத்துக்கு அருகில், இவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஆண்கள் துறைமுக வேலைக்கும் சிறு வணிகத்துக்கும் செல்ல, பெண்கள் மசாலை அரைத்து விற்றுக் குடும்ப வருவாய்க்குத் துணை நின்றனர். குடும்பம் இருந்தது, ஆகவே பிள்ளைகள் இருந்தனர், ஆகவே பள்ளி தேவைப்பட்டது. இவ்வெளிய காரண காரியத் தொடர்பை மறந்துவிட்டால் உமறுப்புலவர் பள்ளி ஏன் இவ்விடத்தில் எழுந்தது என்பது விளங்காது.

உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி

சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தோன்றியது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி வந்தது. போர் ஓய்ந்தபின், 1946இல், அச்சங்கம் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சிறு வணிகரும் தொழிலாளருமாகிய ஒரு சமூகம், மூன்றரை ஆண்டுப் பஞ்சத்திலிருந்து மீண்ட உடனே செய்த முதற் பொதுப்பணிகளுள் ஒன்று பள்ளி அமைத்தது என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும்.

பள்ளிக்குச் சூட்டிய பெயரும் கவனத்திற்குரியது. முஸ்லிம் சங்கம் ஒன்று தன் பள்ளிக்கு அரபுப் பெயர் தேடாமல், சீறாப்புராணம் பாடிய எட்டயபுரத்துப் புலவரின் பெயரைத் தேர்ந்தது. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில், தமிழ்நில வருணனைகளோடு பாடியவர் அவர். சமயமும் மொழியும் முரண்படா என்னும் செய்தி அப்பெயரில் அடங்கியிருந்தது. பிற்காலத்தில் சமய வேறுபாடின்றி எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்குப் பயின்றதற்கு அப்பெயரின் பரப்பும் ஒரு காரணமாதல் கூடும்.

இனி நம் முதன்மை வினாவுக்கு வருவோம். இப்பள்ளிக்கு வந்த பிள்ளை எந்த மொழியோடு வந்தது? ஐயத்திற்கிடமின்றித் தமிழோடு வந்தது. அடுப்படியில் தமிழ், மசாலை விற்கும் வாசலில் தமிழ், பள்ளிவாசல் திண்ணையில் தமிழ். தெருவில் மலாயும் ஹொக்கியனும் காதில் விழுந்தன. ஆனால் அவை தமிழின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே தமிழாசிரியர் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை. பிள்ளை ஏற்கெனவே பேசியது. அவர் பணி, பேசும் பிள்ளையை எழுதும் பிள்ளையாக்குவது. அரிச்சுவடி, செய்யுள் மனனம், சொல்வதெழுதுதல், இலக்கணம், கட்டுரை என்று தமிழகத்திலிருந்து வந்த பழைய முறை அப்பணிக்குப் போதுமானதாகவே இருந்தது. வீடு பேச்சைத் தந்தது, பள்ளி எழுத்தைத் தந்தது. இப்பாகப்பிரிவினை எழுதப்படாத ஒப்பந்தமாகவே நிலவியது.

பழைய முறையை இன்று எள்ளி நகையாடுவோர் உளர். மனப்பாடம், பிரம்பு என்று இரு சொற்களில் அதை முடித்துவிடுவர். அம்முறை செயற்பட்ட நிலைமையை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அடித்தளம் வீட்டில் இருந்தமையாலேயே கட்டடத்தை மட்டும் எழுப்பும் முறை வெற்றி பெற்றது. மேலும் வகுப்பறைக்கு வெளியேயும் எழுத்துக்குத் துணையிருந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் திறந்து இளையோரின் ஆக்கங்களை வெளியிட்டது. சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர் பலர் அதில் முதல் எழுத்தைக் கண்டவர்கள். பிள்ளை பள்ளியில் கற்ற எழுத்தைச் செய்தித்தாளில் செலுத்திப் பார்க்க இயன்றது.

ஏணியின் மேற்படிகள்

அடித்தளம் உறுதியாயிருந்த காலத்தில் ஏணியின் மேற்படிகள் இல்லை. தமிழ் வழிப் பயின்ற பிள்ளை எங்கே செல்வது? 1956இல் அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை நான்கு மொழிவழிக் கல்விக்கும் சமநிலை வழங்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை உருவாயிற்று. அத்துறையில் தமிழே முதன்மை பெற வேண்டும் என்று சாரங்கபாணி வாதாடியதும், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டியதும் நாம் அறிந்தவையே. கூலித் தொழிலாளரும் தம் ஒருநாள் ஊதியத்தைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஈந்த அந்நிகழ்வு, துறை கோலாலம்பூருக்கு மாறிய பின்னும் அதன் அடிக்கல்லாக எண்ணப்படுகின்றது.

1960களில் உமறுப்புலவர் பள்ளி உயர்நிலை வகுப்புகளையும் நடத்தியது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளியாக அது விளங்கியது. தீவின் பிற தமிழ்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து மேற்படிப்பை நாடியவர்களுக்கும் அதுவே புகலிடம். ஆனால் அதற்கு மேல் படி இல்லை. வேலைவாய்ப்பும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தின் வசம் இருந்தன. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. ஆங்கிலவழிப் பள்ளியிலேயே தமிழையும் படிக்கலாம் என்ற நிலை வந்தவுடன் பெற்றோரின் முடிவு எளிதாகிவிட்டது.

இதனோடு குடியிருப்பு மாற்றமும் சேர்ந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது, சைனாடவுன், தஞ்சோங் பகார்க் கடைவீடுகளில் நெருங்கி வாழ்ந்தவர்கள் தீவெங்கும் சிதறினர். 1971இல் பிரிட்டிஷ் படை விலகியபோது கடற்படைத் தளத்தைச் சார்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தீவைவிட்டே சென்றன. மெக்ஸ்வெல் சாலைப் பள்ளிக்கு நடந்து வரும் தொலைவில் பிள்ளைகள் இல்லாமல் போயினர். 1982இல் பள்ளி மூடப்பட்டது. அதன் பின் ஐந்தாண்டுகளில், 1987இல், எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல்மொழி என்னும் ஒரே தேசியக் கல்விமுறை நிறைவுற்றது.

பெயர் மட்டும் மறையவில்லை. 1983இல் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் தோன்றியது. தத்தம் பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் வந்து தமிழ் பயிலும் இடம் அது. தமிழ் வழியாக எல்லாப் பாடங்களையும் கற்பித்த பள்ளி, தமிழ் என்ற ஒரு பாடத்தை மட்டும் கற்பிக்கும் நிலையமாக மாறிற்று. ஒரு பெயர், ஓராண்டு இடைவெளி; ஆனால் இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

மேற்கே சென்ற தமிழ்

இனிக் கரீபியன் தீவுகளுக்குச் செல்வோம். 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் 1845இல் டிரினிடாடுக்கும் இந்திய ஒப்பந்தக் கூலிகள் செல்லத் தொடங்கினர். 1917இல் அம்முறை நிற்கும்வரை கயானாவுக்கு ஏறத்தாழ 2,39,000 பேரும் டிரினிடாடுக்கு ஏறத்தாழ 1,44,000 பேரும் சென்றனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழிச் சென்ற வட இந்தியர்; சென்னை வழிச் சென்ற 'மதராசிகள்' சிறுபான்மையினர். பிரெஞ்சுத் தீவுகளின் நிலை வேறு. மார்த்தினீக்குக்கு 1853 முதலும் குவாதலூப்புக்கு 1854 முதலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் திரளாகச் சென்றனர்.

டிரினிடாடில் 1868இல் பணி தொடங்கிய கனடியப் பிரெஸ்பிட்டீரியன் பரப்புநர் ஜான் மார்ட்டன் இந்தியப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகளை அமைத்தார். அவர் கற்று ஆண்ட இந்திய மொழி இந்தி. தமிழ்ப் பிள்ளைக்கு அது தாய்மொழியும் அன்று, ஆட்சிமொழியும் அன்று. பிரெஞ்சுத் தீவுகளில் பள்ளியின் மொழி பிரெஞ்சு ஒன்றே. குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் என்னும் தமிழ் வழியினர் இந்தியரின் பிரெஞ்சுக் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். அப்போராட்டம் குடியுரிமைக்கானது. தமிழுக்கான பள்ளி எங்கும் எழவில்லை.

ஆயினும் தமிழ் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாரியம்மன் வழிபாட்டிலும் மதுரை வீரன் வழிபாட்டிலும் தமிழ்ப் பாடல்கள் செவிவழியாக நின்றன. தமிழ் எழுத்து மறந்த பின், அப்பாடல்களை ரோமன் எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர். பாடுவோருக்குப் பொருள் தெரியாது, ஒலி தெரியும். குவாதலூப்பில் தமிழ்க் கூத்தின் எச்சமாகிய 'நாத்ரோன்' நிகழ்ச்சியைப் பயிற்றுவிப்பவர் 'வத்தியாலு' எனப்பட்டார். அச்சொல் நம் வாத்தியார்தான். பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் வாத்தியார் என்ற சொல் மட்டும் பிழைத்திருந்தது. தமிழாசிரியர்கள் ஒருகணம் நின்று எண்ண வேண்டிய சொல் இது.

சிங்கப்பூரில் பள்ளி இருந்தது, ஆகவே தமிழ் பிழைத்தது. கரீபியனில் பள்ளி இல்லை, ஆகவே மறைந்தது என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிட இயலும். அது நமக்கு உவப்பான முடிவுமாகும். ஆனால் தாயகத்தோடு இடையறாத போக்குவரத்து, செய்தித்தாள், வணிகம், அரசின் அங்கீகாரம் ஆகியன கிழக்கே இருந்தன, மேற்கே இல்லை என்பதை மறுத்தல் கூடாது. பள்ளியை மட்டும் தனிக் காரணமாக்குவது ஆய்வு நெறியாகாது.

கரீபியன் வகுப்பறையில் புதிய அணுகுமுறை

இழந்த மொழிகளைப் பற்றிய செய்தியைவிட, வாழும் மொழியைக் கரீபியன் ஆசிரியர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதே நமக்குப் பயன்மிக்கது. அத்தீவுகளின் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளி வேண்டியது ஆங்கிலமோ பிரெஞ்சோ. நெடுங்காலம் ஆசிரியர்கள் கிரியோலை மொழி என்றே கருதவில்லை. உடைந்த ஆங்கிலம், கெட்ட பிரெஞ்சு என்றனர். பிள்ளை வாய் திறந்தவுடன் திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட பிள்ளை வாய் மூடிற்று.

மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கயானா மொழியியலாளர் டென்னிஸ் கிரேக் இம்முறையை மறுத்தவர்களுள் முதன்மையானவர். கிரியோல் பேசும் பிள்ளைக்குத் தரமான ஆங்கிலம் முற்றிலும் தாய்மொழியுமன்று, முற்றிலும் அயல்மொழியுமன்று. கேட்டால் ஓரளவு விளங்கும், பேச வராது. ஆகவே தாய்மொழி கற்பிக்கும் முறையும் பொருந்தாது, அயல்மொழி கற்பிக்கும் முறையும் பொருந்தாது. இடைநிலைக்கென்று தனி முறை வேண்டும் என்பது அவர் ஆய்வின் சாரம். ஹெயிட்டியில் 1979இல் அறிவிக்கப்பட்ட பெர்னார் சீர்திருத்தம் தொடக்க வகுப்புகளில் கிரியோலைப் பயிற்றுமொழியாக்க முயன்றது. ஜமைக்காவில் 2004 முதல் 2008 வரை மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இருமொழிக் கல்வித் திட்டம் ஒன்று சில பள்ளிகளில் நடைபெற்றது.

இம்முயற்சிகளுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. பெற்றோரிடமிருந்து வந்தது. எங்கள் பிள்ளை கிரியோலை எங்களிடமே கற்றுக்கொள்ளும், பள்ளிக்கு அனுப்புவது பிரெஞ்சு கற்கவே என்று ஹெயிட்டிப் பெற்றோர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 'வீட்டில் பேசும் தமிழைக் கற்றுத்தரவா ஆசிரியர்?' என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கேட்ட குரலின் எதிரொலியையே அங்கும் கேட்கிறோம்.

2005க்குப் பின் சிங்கப்பூர்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு அமைத்த தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மீள்பார்வைக் குழு 2005இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தருதல் அவற்றுள் தலையாயது. 2008 முதல் நடைமுறைக்கு வந்த தொடக்கநிலைப் பாடத்திட்டமும், 2010இல் தாய்மொழிகள் மறுஆய்வுக் குழு முன்வைத்த கருத்துகளும், 2015இன் பாடத்திட்டமும் அத்திசையிலேயே மேலும் சென்றன. பேசுதலும் கேட்டலும் கருத்துப் பரிமாற்றமும் தனித் திறன்களாகத் தேர்விலும் இடம்பெற்றன. இதற்குப் பின்னணியில் ஆய்வுகள் இருந்தன. பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன் சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியை ஆராய்ந்து, வகுப்பறையில் எழுத்துத்தமிழை மட்டும் வற்புறுத்துவது பிள்ளைகளைத் தமிழிலிருந்தே விலக்குகின்றது என்று எச்சரித்திருந்தார். தேசியக் கல்விக் கழகத்தின் சீதாலட்சுமி, தரமான பேச்சுத்தமிழ் எது என்பதைச் சிங்கப்பூர்ச் சூழலில் வரையறுக்கும் ஆய்வுகளை மேற்கொண்டார்.

மாற்றத்தின் தன்மையைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றால் காணலாம். ஆறு வயதுப் பிள்ளை 'எனக்கு அது வேணும்' என்கின்றது. பழைய முறை ஆசிரியர் 'வேண்டும் என்று சொல்' என்பார். பிள்ளை அடுத்த முறை தமிழில் கேட்பதற்குமுன் சற்றுத் தயங்கும். ஆங்கிலத்தில் கேட்டால் திருத்துவார் இல்லை என்பதை விரைவில் கண்டுகொள்ளும். 'அவங்க வந்தாங்க' என்பதற்கும் 'அவர்கள் வந்தார்கள்' என்பதற்கும் இடையே தமிழகத்துப் பிள்ளை இயல்பாகத் தாவும். அதற்கு இரண்டையும் கேட்கும் வாய்ப்பு நாள் முழுதும் உண்டு. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு தமிழ் வகுப்பு நேரத்தில் மட்டுமே. அந்நேரத்திலும் யாரும் பேசாத வடிவத்தை மட்டும் கேட்டால், தமிழ் என்பது தேர்வறையில் எழுதுவதற்கான ஒன்று என்ற எண்ணமே அதற்கு உண்டாகும்.

தமிழாசிரியருள் மூத்தோர் பலர் இம்மாற்றத்தை ஐயத்தோடு நோக்கினர். பேச்சு வகுப்பில் நுழைந்தால் எழுத்து சிதையும், பிழை மலியும் என்பது அவர்கள் அச்சம். அவர்களைப் பிற்போக்கினர் என்று ஒதுக்குவது முறையன்று. எழுத்துத்தமிழ் ஒன்றே திருநெல்வேலியானையும் யாழ்ப்பாணத்தானையும் கோலாலம்பூரானையும் இணைக்கின்றது. சங்கப் பாடல் முதல் இன்றைய புதினம் வரை செல்வதற்கான வாயிலும் அதுவே. மேலும், தரமான பேச்சுத்தமிழ் என்று வரையறுப்பதிலேயே ஓர் இழப்பு உண்டு. படித்தவர் பேச்சைப் பொதுவாக்கும்போது, தஞ்சோங் பகார் அடுப்படிகளில் ஒலித்த கடையநல்லூர் வழக்கு அதில் இடம்பெறாது. அப்பாவும் அம்மாவும் பாடநூலில் உண்டு. முஸ்லிம் வீடுகளின் வாப்பாவையும் உம்மாவையும் அங்குக் காண்பது அரிது. உமறுப்புலவரின் பெயர் தாங்கிய இடத்தில் இதனை எண்ணாதிருக்க இயலவில்லை. ஆயினும் மொத்தத்தில் மாற்றம் தேவையானது என்பதே நம் முடிபு. வாய் மூடிய பிள்ளைக்கு எழுத்துத்தமிழும் வாராது.

கணினியின் வருகையையும் சுருக்கமாகச் சுட்டலாம். தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் சிறுகதையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவை உருவாக்கி, 1990களின் நடுப்பகுதியிலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற அவரே முதற்காரணர். அவர் 1999இல் மறைந்தார். இன்று எல்லா வகுப்பறையிலும் தமிழ்த் திரையில் ஒளிர்கின்றது. கருவி பெருகியது என்பதற்கு மேல் இதில் வியக்க ஏதுமில்லை. கருவியில் எதைப் பேசுவது என்பது பழைய வினாவாகவே நிற்கின்றது.

ஒப்பீடு முறியும் இடம்

கரீபியன் அணுகுமுறைக்கும் சிங்கப்பூர் அணுகுமுறைக்கும் உள்ள ஒற்றுமையை இதுவரை கண்டோம். இனி, அவை பிரியும் இடத்தைக் காண வேண்டும். ஹெயிட்டிப் பிள்ளையும் ஜமைக்காப் பிள்ளையும் வீட்டு மொழியை நிறைவாகக் கொண்டுவருகின்றனர். கிரியோலுக்கு ஆசிரியர் தேவையில்லை. ஏற்பு மட்டுமே தேவை. வீட்டில் உள்ளதை வகுப்பறைக்கு அழைப்பதே அங்குப் புதிய முறை.

சிங்கப்பூரில் நிகழ்ந்தது என்ன? வீட்டுத் தமிழை வகுப்பறை அழைக்கத் தொடங்கிய அதே காலத்தில், அழைப்பதற்கு வீட்டில் தமிழ் குறைந்துகொண்டு வந்தது. 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 42.9 விழுக்காடு, ஆங்கிலம் பேசுவோர் 35.6 விழுக்காடு. 2010இல் ஆங்கிலம் 41.6 விழுக்காடாக உயர்ந்து தமிழை முந்தியது. 2020இல் அது 59.2 விழுக்காடாயிற்று. நாட்டின் மொத்தக் குடியிருப்பாளருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதை இவ்வெண்களைக் கையாளும்போது நினைவிற் கொள்ள வேண்டும். எனினும் போக்கு தெளிவானது.

ஆகவே மெக்ஸ்வெல் சாலைப் பள்ளியின் நிலைமை இன்று தலைகீழாகியுள்ளது. அன்று வீட்டில் பேச்சு இருந்தது. பள்ளிக்கு மேல் படி இல்லை. இன்று தொடக்கநிலையிலிருந்து பட்டப்படிப்பு வரை படிகள் உள்ளன. 2006இல் சிம் பல்கலைக்கழகம் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பையும் தொடங்கியது. நாளிதழ் உண்டு, ஒலி 96.8 உண்டு, வசந்தம் ஒளிவழி உண்டு, ஆட்சிமொழி என்னும் உரிமையும் உண்டு. வீட்டில் பேச்சு அருகுகின்றது. முன்பு வீடு பள்ளிக்குப் பேச்சைத் தந்தது. இப்போது பள்ளியே பேச்சையும் தந்து, அதனை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டியுள்ளது. இந்தப் பின்னோக்கிய பயணத்துக்கு டென்னிஸ் கிரேக்கின் முறையிலும் வழி இல்லை. பழைய அரிச்சுவடியிலும் வழி இல்லை. தமிழாசிரியர் 'அவங்க வந்தாங்க' என்பதையே புதிய பாடமாகக் கற்பிக்கும் நிலை, தமிழ்க் கல்வி வரலாற்றில் இதற்குமுன் பரவலாக நிகழ்ந்ததன்று. கற்பிக்கும் பாடநூல்களும் பயிற்சிகளும் பெரும்பாலும், பேச்சு வீட்டிலிருந்து வரும் என்ற பழைய எண்ணத்தின் மீதே இன்னும் நிற்கின்றன என்பது நம் கணிப்பு.

இங்கு வரலாற்று மாணவர் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. உமறுப்புலவர் பள்ளியின் கடைசி வகுப்புகளில் படித்தவர்களே இன்று அறுபது வயதை நெருங்குகின்றனர். முதல் தலைமுறையினர் எண்பதைக் கடந்தவர்கள். தஞ்சோங் பகார் வீடுகளின் பேச்சு இவர்கள் நாவில் இருக்கின்றது. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதற்கான அரசுப் பிரிவு 1979 முதலே இயங்கி வருகின்றது. தமிழிலும் நேர்காணல்கள் உள்ளன. அவை பெரும்பாலும் செய்திக்காகவே கேட்கப்படுகின்றன. மொழிக்காக, வகுப்பறைப் பாடமாக, ஒரு பாட்டி மசாலை அரைத்த கதையைத் தன் சொந்த வழக்கில் சொல்லும் ஒலிப்பதிவாக அவற்றை எடுத்தாளலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் விளங்காத சொற்கள் வரும். பொருள் கேட்க அது வீட்டில் எவரையேனும் நாடியாக வேண்டும்.